பழைய கார் விலை இறங்கினால் வாடகை நிறுவனத்தின் லாபம் ஏன் சரிகிறது?

கேள்வி: அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் கார் வாடகை நிறுவனம் மின்சாரக் கார்களை வாங்கிப் பெரும் நஷ்டம் அடைந்தது என்றும், அதற்குத் தேய்மானமே காரணம் என்றும் படித்தேன். தேய்மானம் என்பது கணக்கில் எழுதுவதுதானே, கையிலிருந்து பணம் போவதில்லையே? அந்த நிறுவனத்தின் தொழில் காரை வாடகைக்கு விடுவது. பழைய கார் சந்தையில் விலை இறங்கினால் அதன் லாபம் ஏன் அடிபட வேண்டும்? பங்குகளில் முதலீடு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுமா?

– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேய்மானம் என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. டயர் தேய்வதைப்போல, தேய்ந்ததை யாரோ அளந்து எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி யாரும் அளப்பதில்லை. வாங்கிய விலையிலிருந்து, விற்கும் நாளில் என்ன கிடைக்கும் என்று கணித்த விலையைக் கழிக்கிறார்கள். மீதியை, எத்தனை மாதம் வைத்திருப்போம் என்ற கணிப்பால் வகுக்கிறார்கள். இந்த மூன்று எண்களில் முதல் எண்ணுக்கு மட்டும்தான் ரசீது உண்டு. மற்ற இரண்டும் நிர்வாகத்தின் ஊகம். ஆகவே ஒவ்வொரு மாத லாபத்துக்குள்ளும், நாளைய பழைய கார் சந்தையைப் பற்றிய ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40,000 டாலருக்கு ஒரு கார் வாங்கி, இரண்டு வருடம் ஓட்டி, 28,000 டாலருக்கு விற்கலாம் என்று திட்டமிட்டால், மாதத் தேய்மானம் 500 டாலர். ஒரு வருடம் கழித்துச் சந்தை சரிந்து, விற்கும்போது 22,000 டாலர்தான் தேறும் என்று தெரிகிறது. அப்போது புத்தக மதிப்பு, அதாவது வாங்கிய விலையில் இதுவரை எழுதிய தேய்மானம் போக மீதி, 34,000. மிச்சமுள்ள 12,000 டாலரைப் பன்னிரண்டே மாதத்தில் எழுதியாக வேண்டும்: மாதம் 1,000 டாலர். கார் அதே கார், வாடகையும் அதே வாடகை. மறுவிற்பனை விலையில் விழுந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தேய்மானமோ இரண்டு மடங்காகிவிட்டது.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் நடந்தது இதுதான், ஆனால் பிரம்மாண்டமான அளவில். 2021 அக்டோபரில், திவால் நடவடிக்கையிலிருந்து மீண்டு நான்கே மாதம் ஆகியிருந்த அந்த நிறுவனம், ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது. அன்றைக்கே டெஸ்லாவின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அது சிப் தட்டுப்பாட்டுக் காலம். புதிய கார் கிடைக்காததால் பழைய கார் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2022 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. பிறகு 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதிய கார்களின் விலையை வெட்டியது. அமெரிக்காவில் 65,990 டாலராக இருந்த மாடல் ஒய் லாங் ரேஞ்ச் ஒரே நாளில் 52,990 டாலரானது. புதிய கார் 13,000 டாலர் மலிந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு யார் பழைய விலை கொடுப்பார்கள்? டெஸ்லாவுக்கு அது விற்பனையைப் பெருக்கும் உத்தி. அதன் கார்களை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தவருக்குச் சொத்தின் மதிப்புக் கரைதல். 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் தன் மின்சாரக் கார்களில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 20,000 கார்களை, விற்றுவிடுவதாகச் சொல்லி, அதற்காக மட்டும் 24.5 கோடி டாலரைக் கூடுதல் தேய்மானமாக எழுதியது. சில மாதங்களில் விற்பனைப் பட்டியல் 30,000 ஆனது. தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஷெர் பதவி விலகினார். ஒரு லட்சம் டெஸ்லா என்ற எண்ணை அந்த நிறுவனம் எட்டவே இல்லை.

‘இது மின்சாரக் காரின் கோளாறு, தேய்மானக் கணக்கின் கோளாறு அல்ல’ என்று வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மின்சாரக் கார்கள் அடிபட்டால் பழுதுபார்க்கும் செலவு மற்ற கார்களைவிட மிக அதிகம் என்று நிறுவனமே சொன்னது. ஆனால் 2024-இன் மூன்றாம் காலாண்டில் ஹெர்ட்ஸ் தன் கார்களின் புத்தக மதிப்பிலிருந்து சுமார் 100 கோடி டாலரைக் குறைத்து எழுதியபோது, அதில் பெட்ரோல் கார்களும் அடக்கம். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதிக விலைக்கு வாங்கிய கார்கள் அவை. அந்த ஆண்டின் மொத்த நஷ்டம் சுமார் 290 கோடி டாலர். எரிபொருள் எதுவாயினும், வாங்கும் நாளில் போட்ட மறுவிற்பனைக் கணிப்பு தவறினால் விளைவு ஒன்றுதான். அது எவ்வளவு பாரமானது என்று பாருங்கள்: 2024-இல் ஹெர்ட்ஸிடம் 5 லட்சத்துக்கு மேல் கார்கள் இருந்தன. ஒரு காருக்கு மாதத் தேய்மானம் 100 டாலர் கூடினால், ஆண்டுக்கு 60 கோடி டாலர் லாபத்திலிருந்து போய்விடும். 2024-இன் முதல் காலாண்டில் அந்தத் தேய்மானம் காருக்கு மாதம் 592 டாலராக இருந்தது. புதிய நிர்வாகம் வைத்த இலக்கு 300-க்குக் கீழே.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: கையிலிருந்து பணம் போகவில்லையே? போனது, கார் வாங்கிய அன்றே போனது. அதைத்தான் மாதாமாதம் பங்குபோட்டு எழுதுகிறோம். பல வருடம் ஓடும் ஆலை இயந்திரத்தில் இந்தப் பங்கீட்டில் தவறு நேர்ந்தால் வெளியே தெரியவே காலம் பிடிக்கும். வாடகைக் காரோ ஓரிரு வருடத்தில் ஏலத்துக்கு வந்துவிடும். கணிப்பு தவறென்றால், எதிர்பார்த்த பணம் வராமல் உடனே முகத்தில் அடிக்கும். இதைவிட வலுவான சான்று 2020-இல் இருக்கிறது. ஹெர்ட்ஸ் தன் கார்களையே ஈடாக வைத்துக் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டும் நிறுவனம். கார்களின் சந்தை மதிப்பு விழுந்தால், அந்தக் குறைவை ரொக்கமாகவோ கூடுதல் கார்களாகவோ ஈடுகட்ட வேண்டும். கொரோனாவில் பயணங்கள் நின்று, பழைய கார் விலையும் சரிந்தபோது, அந்த ஏற்பாட்டின்படி ஏப்ரல் இறுதியில் கட்ட வேண்டிய தொகையை அதனால் கட்ட முடியவில்லை. மே 22 அன்று திவால் மனு போட்டது. வாடகைக்கு ஆள் வராதது ஒரு பாதி. வெறும் ஏட்டுக் கணக்கு என்று நாம் ஒதுக்கும் மதிப்புக் குறைவு, ரொக்கம் கேட்டு வந்து நின்றது மறு பாதி.

‘இதெல்லாம் ஒருமுறை வரும் நஷ்டம், ஒதுக்கிவிட்டுப் பார்க்கலாம்’ என்பது பங்குத் தரகு அறிக்கைகளில் அடிக்கடி வரும் வாதம். இதை நான் அறவே ஏற்கவில்லை. 2022-இல் ஹெர்ட்ஸ் 200 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் காட்டியது. பழைய கார்கள் புத்தக மதிப்பைவிட அதிக விலைக்குப் போனதால் கிடைத்த ஆதாயம், தேய்மானச் செலவிலேயே கழிக்கப்பட்டது. செலவு வரி நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கியது. சந்தை ஏறும்போது வந்ததைத் தொழில் லாபம் என்று ஏற்றுக்கொண்டவர்கள், அதே சந்தை இறங்கும்போது வந்ததை விபத்து என்று தள்ளுவது நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு காலாண்டில் புத்தக மதிப்பைப் பெரிதாக வெட்டினால், அடுத்து வரும் மாதங்களில் தேய்க்க மிச்சமிருப்பது குறைவு. அதற்குப் பிறகு தெரியும் முன்னேற்றத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு அந்த வெட்டு என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஹெர்ட்ஸின் கணிப்பு தவறியது, ஏமாற்று அல்ல. ஆனால் வேண்டுமென்றே இந்த எண்ணை வளைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் குப்பை அள்ளும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட், 1990-களில் தன் லாரிகளின் ஆயுளைக் கூட்டியும், இறுதியில் கிடைக்கும் விலையை ஆதாரமில்லாமல் உயர்த்தியும் தேய்மானத்தைக் குறைத்தது என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2002-இல் வழக்குத் தொடுத்தது. 1998-இல் திருத்தி எழுதப்பட்ட கணக்கில் காணாமல் போன லாபம் சுமார் 170 கோடி டாலர். ஒரு லாரிகூடக் கூடுதலாக ஓடவில்லை, ஒரு டன் குப்பைகூட அதிகம் அள்ளப்படவில்லை.

இந்தியாவில் இந்தக் கணிப்புகளுக்கு விதிகள் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, எஞ்சிய மதிப்பு, அதாவது இறுதியில் கிடைக்கும் என்று கணிக்கும் விலை, பொதுவாக வாங்கிய விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. வாடகைக்கு ஓடும் கார், பேருந்து, லாரிகளுக்கு 6 வருட ஆயுள் வைக்கிறது. காரணம் காட்டி மாற்றிக்கொள்ள இடமுண்டு. இந்தியக் கணக்கியல் தரம் 16-ஐப் பின்பற்றும் நிறுவனங்கள் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் இந்தக் கணிப்பை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். ஆகவே வாகனம், கனரக இயந்திரம், கணினி சர்வர் என்று சொத்தை நம்பி நடக்கும் எந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவதாக இருந்தாலும், ஆண்டறிக்கையின் கணக்கியல் கொள்கைப் பகுதியில் ஆயுளும் எஞ்சிய மதிப்பும் சென்ற ஆண்டிலிருந்து மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ரொக்கப் புழக்க அறிக்கைக்குப் போய், சொத்து விற்ற லாபம் அல்லது நஷ்டம் என்ற வரியை ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். வருடா வருடம் நஷ்டமாகவே வந்தால், அந்த நிறுவனம் இத்தனை வருடமும் தேய்மானத்தைக் குறைத்துத்தான் எழுதி வந்திருக்கிறது.