முட்டை ஓடு உருவாவது ராத்திரியில்

கேள்வி: மோகனூர் பக்கம் 12,000 கோழிகளோடு முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறேன். பி.வி.300 ரகம், இப்போது 64 வாரம். பங்குனிக் கடைசியில் வெயில் ஏறியதிலிருந்து உடைசல் முட்டை அதிகமாகிவிட்டது. நூற்றுக்கு இரண்டு என்றிருந்தது, இப்போது ஏழு வருகிறது. கூண்டுக்கு அடியில் தோல் முட்டையும் விழுந்து கிடக்கிறது. முட்டை சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாக 86இலிருந்து 81க்கு வந்துவிட்டது. கோழிக்கு 108 கிராம் தீவனம் எடுத்தது 92 கிராமுக்கு இறங்கிவிட்டது. காலையில் ஷெட்டுக்குப் போனால் ஒன்றிரண்டு கோழி காலை நீட்டிக்கொண்டு கூண்டுக்குள் படுத்துக் கிடக்கிறது. கிளிஞ்சல் தூளைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. செத்ததில் நிறைய கூண்டுகளில் மூன்று கோழிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஐந்தைந்தாகச் சேர்த்து ஒரு வரிசையைக் காலி செய்தால் வேலை மிச்சம் என்கிறார் பண்ணையில் வேலை பார்ப்பவர். பக்கத்துப் பண்ணைக்காரரோ, பத்து நாள் தீவனத்தை நிறுத்தி இறகு உதிரவிட்டால் கோழி புதுசாகிவிடும் என்கிறார். எதைச் செய்யட்டும்?
— வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கு அணைவதற்கு முன், ஷெட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கோழிகளைப் பிடித்துக் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து, உள்ளே கிளிஞ்சல் துண்டு நெருடினால் நல்லது. பாதிக்கு மேல் காலிப் பையாக இருந்தால் உங்கள் உடைசலுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது, அந்த வேலையின் பெரும்பகுதி கோழி இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது நடக்கிறது. ஒரு ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். குடலில் சுண்ணாம்பு இருக்கும்வரை அதிலிருந்து எடுக்கும். அது தீர்ந்ததும் தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். பெட்டைக்கு இதற்கென்றே கால் எலும்புக்குள் ஒரு தனிச் சேமிப்பு உண்டு. பகலில் தின்றால் அது மறுபடி நிரம்பும். நிரம்பாமல் எடுத்துக்கொண்டே போனால், உடம்பைத் தாங்குகிற எலும்பிலேயே கைவைக்கும். காலையில் நீங்கள் பார்க்கிற படுத்த கோழிகள் அப்படிப்பட்டவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அவற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொண்டை சிவப்பாக இருக்கும், கண் தெளிவாக இருக்கும். தீவனத்தை மூக்கருகே கொண்டுபோனால் கொத்தும். ஆனால் எழுந்து நிற்க முடியாது. மார்பு எலும்பைத் தடவினால் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்திருக்கும். இவை நோயால் சாவதில்லை. தொட்டிக்கும் நிப்பிளுக்கும் எட்ட முடியாமல் பசியிலும் தாகத்திலும் சாகின்றன, போதாததற்குக் கூண்டில் உள்ள மற்ற கோழிகள் மேலே ஏறி மிதிக்கின்றன. கண்ட உடனே வெளியே எடுத்து, உமி பரப்பிய தரையில் விட்டு, தண்ணீரும் தீவனமும் கிளிஞ்சலும் எட்டும் தூரத்தில் வையுங்கள். எலும்பு முறியாத கோழியாக இருந்தால் பல சமயம் சில நாளில் எழுந்து நடந்துவிடும். நாமக்கல் வட்டாரத்தில் இதை ‘வெயில் சாவு’ என்று கணக்கெழுதித் தூக்கிப் போடுகிற வழக்கம் இருக்கிறது. ஒரு கோழியையாவது அறுத்துப் பார்க்காமல் அப்படி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

வெயிலுக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை, அது இரண்டு வழியாக வருகிறது. முதலாவது உங்களுக்கே தெரிந்தது: தீவனம் குறைந்துவிட்டது. உங்கள் தீவனத்தில் 3.8 சதவீதம் கால்சியம் என்று வைத்துக்கொள்வோம். 108 கிராம் தின்றபோது 4.1 கிராம் போனது, 92 கிராமில் போவது 3.5. அதிலும் பாதியளவுதான் உடம்பில் ஒட்டும். இரண்டாவது, கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. ஓடு கட்டச் சுண்ணாம்பு மட்டும் போதாது, கார்பனேட்டும் வேண்டும். அது கிடைக்காமல் போகிறது. நீங்கள் எவ்வளவு கிளிஞ்சல் கொட்டியும் பலன் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, நீங்கள் போட்டது தூள். தூள் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். அதோடு தீவனம் புழுதியாகிவிட்டால் கோழி அதை ஒதுக்கிவிட்டு மக்காச்சோளக் குருணையைப் பொறுக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். 64 வாரக் கோழிக்கு மொத்தச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு துண்டாகவும் ஒரு பங்கு தூளாகவும் இருக்கட்டும். கால்சியத்தை 4.3 சதவீதத்துக்கு உயர்த்தினால் 92 கிராமிலேயே ஏறக்குறைய 4 கிராம் போய்விடும். அதைத் தாண்டி ஏற்றாதீர்கள், தீவனம் ருசியற்றுப்போகும். பாஸ்பரஸையும் டி3 வைட்டமினையும் உங்கள் தீவன ஆலோசகரிடம் சேர்த்துச் சரிபாருங்கள். சமையல் சோடா டன்னுக்கு 1 முதல் 2 கிலோ போடலாம். போட்டால் அதற்கு ஈடாக உப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்சம் தண்ணீராகி ஈ மொய்க்கும்.

வயதின் கணக்கையும் மறக்கக் கூடாது. கோழி முதிர முதிர முட்டை பெரிதாகிறது, ஆனால் ஓட்டுக்குச் செலவிடும் சுண்ணாம்பு அதே அளவில் கூடுவதில்லை. அதே கரண்டி மாவில் பெரிய தோசை வார்க்கிற கதை. அதனால் 30 வாரத்தில் இருந்த உடைசல் கணக்கை இந்தக் கோழியிடம் எதிர்பார்க்க முடியாது. நூற்றுக்கு மூன்று, மூன்றரைக்குக் கொண்டுவந்தால் அது நல்ல வேலை.

இனி வேளை. இதில்தான் பண்ணைக்காரர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆள் வசதிக்காகக் காலை எட்டுக்கும் மதியம் ஒன்றுக்கும் தீவனம் போடுகிறார்கள். தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பு சூடேறும். உச்சி வெயிலும் செரிமானச் சூடும் சேர்ந்தால் கோழி தாங்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். பதினொன்றுக்குள் தொட்டி காலியாகட்டும், நாலு மணி வரை அப்படியே விடுங்கள். மீதி இரண்டு பங்கை நாலு மணிக்கு மேல் போட்டு, விளக்கு அணையும்வரை தொட்டியைக் கிளறிக்கொடுங்கள். கோடை முடியும்வரை நள்ளிரவில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தின்னவிடலாம். அந்த ஒரு மணிக்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று மணி நேரமாவது இருட்டு இருக்க வேண்டும். கோடை முடிந்தபின் நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் குறைத்து வாருங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வரிசையின் கடைசிக் கூண்டில் ஒரு நிப்பிளை அழுத்தி, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஓடுகிற குழாயில் வெந்நீர் வரும். அதைக் கோழி குடிக்காது, குடிக்காத கோழி தின்னாது. மேல்தொட்டிக்கு நிழல் போட்டு, மதியத்தில் இரண்டு மூன்று தரம் குழாயின் கடைசி மூடியைத் திறந்து சூடான தண்ணீரை வெளியேற்றுங்கள். இந்த வேலைக்குச் செலவே இல்லை. ஷெட்டைக் குளிர்விக்க ஃபாகர் வாங்குகிறவர்கள் இதைச் செய்துவிட்டு வாங்கலாம்.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பரவலாக இருக்கிற 18க்கு 15 அங்குலக் கூண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதன் பரப்பு 1,742 சதுர சென்டிமீட்டர். நாலு கோழி என்றால் தலைக்கு 435. ஐந்து என்றால் 348. மூன்று என்றால் 580. மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த முட்டைக்கோழி விதிகள் தலைக்குக் குறைந்தது 550 கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரி வெறுங்கூண்டையே 2012 ஜனவரியோடு நிறுத்திவிட்டது; அங்கே முட்டையிட இடமும் ஏறி நிற்கக் கொம்பும் வைத்த கூண்டில் தலைக்கு 750. சட்டத்தை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள். 18 அங்குலத் தொட்டி முகப்பில் ஐந்து கோழி நின்றால் தலைக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான். பலவீனமானது பின்னால் போய்விடும். கடைசியில் புழுதியைத் தின்பதும், காலை நீட்டிப் படுப்பதும் அதுதான். ஐந்து உடம்பின் சூடு ஒரு கூண்டுக்குள் என்பது தனிக் கணக்கு. தானாக மூன்றாகிவிட்ட கூண்டுகளை அப்படியே விடுங்கள். முடிந்தால் அவற்றில் ஒரு வாரம் உடைசலைத் தனியாக எண்ணிப் பாருங்கள், அடுத்த பேட்ச்சுக்கு எத்தனை விடலாம் என்று நீங்களே முடிவெடுப்பீர்கள்.

பத்து நாள் பட்டினி யோசனைக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம். இறகு உதிர்ந்து, உடம்பு எடை கால்வாசி குறைந்து, முட்டைப்பை ஓய்வெடுத்து மறுபடி இடும் என்பது உண்மைதான். ஓடும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே எலும்பு கரைந்து படுக்கிற கோழியைச் சித்திரை வெயிலில் பட்டினி போட்டால் எத்தனை பிழைக்கும்? பட்டினிக் கோழிக்குக் குடலில் சால்மோனெல்லா எளிதில் தொற்றும், அது முட்டைக்கும் வரும். வளர்க்கிற பிராணிக்குப் போதிய தீவனமும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். இறகு உதிர்க்கத்தான் வேண்டுமென்றால் தவிடு கூடிய, சத்துக் குறைந்த தீவனத்தை வயிறு நிறையக் கொடுத்துச் செய்கிற முறை இருக்கிறது. அதையும் திடமான கோழியில், குளிர்ந்த மாதத்தில், மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். உங்கள் பேட்ச்சுக்கு அதுவும் பொருந்தாது. இதைத் தேற்றி 76, 78 வாரம் வரை ஓட்டி விற்றுவிடுவதே லாபம்.

நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வரலாம். இரண்டு மூன்று நாளில் முட்டை சடாரென்று பத்து, பதினைந்து சதவீதம் விழுந்து, ஓடு சுருக்கம் சுருக்கமாக வந்து, தட்டில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால், அது ஐ.பி. எனப்படும் மூச்சுக்குழல் அழற்சி போன்ற தொற்றாக இருக்கலாம். உங்கள் சரிவு மெதுவாக வந்திருப்பதால் அந்தக் கவலை குறைவு. எப்படியும் இன்று ஐந்து முட்டையை உடைத்துப் பார்த்துவிடுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாடிக் மட்டும் கொடுக்காதீர்கள். ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தீவனத்தையும் வேளையையும் மாற்றிப் பத்து, பன்னிரண்டு நாளில் உடைசல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். இரண்டு மாதிரி எடுங்கள்: ஒன்று அரைத்த உடனே மூட்டையிலிருந்து, இன்னொன்று மாலையில் கடைசிக் கூண்டுகளின் தொட்டியிலிருந்து. இரண்டிலும் கால்சியம் ஒன்றாக இருக்காது. எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.