கொல்கத்தாவில் படிக்க: எந்த வாசலைத் தட்டுவது?

பிளஸ் டூ முடித்துக் கொல்கத்தா போகலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் முதலில் சொல்லும் பெயர் கல்கத்தா பல்கலைக்கழகம். நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1857இல் பிறந்தது. ஆனால் இளநிலைப் பட்டத்துக்குச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் அதனோடு இணைந்த ஏதோ ஒரு கல்லூரியில்தான் உட்காரப் போகிறார்கள். ஆசிரியர், ஆய்வகம், விடுதி எல்லாம் அந்தக் கல்லூரியைப் பொறுத்தவை. அதனால் இளநிலைக்குக் கல்லூரியை விசாரியுங்கள். முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளைப் பாருங்கள். அதன் பலமே அங்கேதான். நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி. ராமனை 1917இல் பேராசிரியராக்கியது இந்தப் பல்கலைக்கழகம்தான். அவர் 1928இல் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டது பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். அந்தக் கழகம் இப்போது ஜாதவ்பூரில் இயங்குகிறது. இயற்பியல், வேதியியல் ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

கணக்கில் உண்மையான பித்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம்தான். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் தொடங்கியது. கல்விக் கட்டணம் கிடையாது. நன்றாகப் படிக்கிற வரை மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு நாட்டில் அதிகம் இல்லை. நுழைவுத் தேர்வுதான் கடினம். விடையைக் குறித்துவிட்டு நகரும் கேள்விகளோடு, படிப்படியாக நிறுவிக் காட்ட வேண்டிய கேள்விகளும் வரும். ஒரு சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வே கிடையாது என்று காட்டச் சொன்னால், பத்து எண்களைப் போட்டுப் பார்த்தேன் என்று எழுதினால் மதிப்பெண் விழாது. எந்த எண்ணுக்கும் பொருந்தாது என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். பாடப்புத்தகக் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகிய கை இங்கே தடுமாறும். பழைய வினாத்தாள்களை பிளஸ் ஒன்னிலேயே எடுத்துவிடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே ஆய்வுக்குப் போன எஸ்.ஆர்.எஸ். வரதன், 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றார். புள்ளியியல் பட்டமான பி.ஸ்டாட் கொல்கத்தாவில், கணிதப் பட்டமான பி.மேத் வேண்டுமென்றால் பெங்களூர்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கல்வி இயக்கத்தில் இருக்கிறது, பல்கலைக்கழகமானது 1955இல். குறைந்த கட்டணத்தில் தரமான பொறியியல் என்று பெயர் பெற்றது. ஆனால் அந்த இடங்களில் மிகப் பெரும்பாலானவை மேற்கு வங்கத்துப் பிள்ளைகளுக்கே. நம் ஊர்க்காரர்கள் அதை நம்பி அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வை விட்டுவிடக் கூடாது. கலைப் பாடம் என்றால் கதையே வேறு. நாட்டிலேயே முதல் ஒப்பிலக்கியத் துறையை 1956இல் புத்ததேவ போஸ் தொடங்கியது இங்கேதான். இலக்கியமும் சினிமாவும் படிக்க விரும்புகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஜாதவ்பூர்.

பிரசிடென்சி 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கி 2010இல் பல்கலைக்கழகமானது. இளநிலை மாணவர்களைத் தன் வளாகத்திலேயே வைத்துப் படிப்பிக்கிறது. வரலாறு, பொருளியல், அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு இதைத் தாராளமாக நம்பலாம்.

சேருமுன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். மகாத்மா காந்தி ரோடு மெட்ரோவில் இறங்கி நடந்தால் காலேஜ் தெருவில் பிரசிடென்சியும் கல்கத்தா பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில். எதிரே பழைய புத்தகக் கடைகளும் காபி ஹவுஸும். ஜாதவ்பூருக்கு சியால்டாவிலிருந்து லோக்கல் ரயில். புள்ளியியல் நிறுவனத்துக்குள் மகலனோபிஸ் வாழ்ந்த 'ஆம்ரபாலி' வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். சாப்பாடு பெற்றோருக்குக் கவலையென்றால், தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் வாழையிலையும் இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் விடுதியிலும் கடையிலும் வங்காள மொழிதான். போவதற்கு முன்பே நாலு வார்த்தை கற்றுக்கொள்வது நல்லது.

தேதிகளில் மட்டும் அசட்டை வேண்டாம். புள்ளியியல் நிறுவனத்துக்கான விண்ணப்பம் பொதுத்தேர்வுப் பரபரப்புக்கு நடுவிலேயே வந்து போய்விடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் போனது போனதுதான்.