நேராக நில் என்று சொல்வதற்கு முன்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நான் பலமுறை கடிந்திருக்கிறேன். அவளது வலது தோள் உயர்ந்தே இருக்கும். "நேரா நில்லும்மா" என்றால் நிமிர்வாள். தோள் மட்டும் இறங்காது. சோம்பல் என்றே நினைத்தேன். ஒருநாள் உடற்கல்வி ஆசிரியை அவளைத் தனியே அழைத்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொன்னார். முதுகின் வலப்பக்கம் மேடாக எழுந்தது. "இது பழக்கம் இல்ல டீச்சர், முதுகெலும்பு வளைவு" என்றார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் இவ்வளைவு பெரும்பாலும் 10 வயதுக்குமேல், உடல் வேகமாக வளரும்போது வெளிப்படுகிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு திருகவும் செய்கிறது. பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. புத்தகப்பையின் சுமையோ கூனி உட்காருவதோ இதை உண்டாக்குவதில்லை. பெண் குழந்தைகளுக்கே இது அதிகம் முற்றுகிறது.

எங்கள் மாணவிக்கு எக்ஸ்ரேயில் வளைவு 28 டிகிரி. "ஆபரேஷன் பண்ணணுமா டீச்சர்?" என்று அவள் அம்மா கலங்கினார். பொதுவாக 45 அல்லது 50 டிகிரியைத் தாண்டும்போதே அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். 25 டிகிரிக்குக் கீழ் என்றால் கண்காணிப்பும் பயிற்சியும் போதும். 25 முதல் 40 வரை இருந்து, வளர்ச்சியும் மிச்சமிருந்தால் 'பிரேஸ்' எனும் உடற்பட்டையும் சேரும்.

பயிற்சிகளில் புகழ்பெற்றது ஷ்ராத் முறை. இதை உருவாக்கிய ஜெர்மனியின் கத்தரீனா ஷ்ராத், தாமே முதுகு வளைவு உள்ளவர். 1920களில் பிறருக்கும் கற்றுத்தரத் தொடங்கினார். கண்ணாடி முன் உடலை மேல்நோக்கி நீட்டி, இடுப்பையும் தோளையும் சரிசெய்து, குழிந்த பக்கம் விரியுமாறு மூச்சை இழுக்க வேண்டும். மூச்சை விடும்போது தசைகளை இறுக்கி அந்நிலையைத் தக்கவைக்க வேண்டும். ஒவ்வொருவரின் வளைவும் வேறு என்பதால் இயன்முறை மருத்துவர் வகுத்துத் தந்ததையே செய்ய வேண்டும். வகுப்பு முழுமைக்குமான பயிற்சி இதற்கு ஈடாகாது. வளைவை முழுதாக நிமிர்த்துவதல்ல, முற்றாமல் தடுப்பதே நோக்கம்.

பிரேஸ் அணியும் நேரம் முக்கியம். அமெரிக்கா, கனடாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அணியாதோரில் அது 48 விழுக்காடு. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்குமேல் அணிந்தோருக்குப் பலன் இன்னும் கூடியது. அந்த நேரத்தில் பெரும்பகுதி பள்ளியில்தான் கழிகிறது. கேலிக்கு அஞ்சிக் குழந்தை அதைக் கழற்றி வைத்தால் சிகிச்சையே வீண்.

ஆகவே, அவள் விரும்பியபடி வகுப்பில் அதைப் பற்றி எளிமையாகப் பேசினோம். சற்றுத் தளர்வான சீருடைக்குத் தலைமையாசிரியர் அனுமதித்தார். விளையாட்டு வேளையில் பிரேஸைக் கழற்றி மாட்ட ஓர் அறையும் ஒரு தோழியும் கிடைத்தனர். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. கடைசி எக்ஸ்ரேயில் வளைவு 27 டிகிரி.

ஆசிரியர்களே, 6 முதல் 10ஆம் வகுப்புவரை உள்ள குழந்தைகளின் தோள், தோள்பட்டை எலும்பு, இடுப்பு ஆகியன சமமாக உள்ளனவா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால் பிறர் முன் சொல்லாமல் பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். நோயை முடிவு செய்வது மருத்துவர் வேலை. வளர்ச்சி முடிவதற்குள் அவரிடம் அனுப்பிவைப்பது நம் வேலை.