இயற்கைத் தோட்டத்தில் எரிசக்தி எங்கே போகிறது?



"நம்மது இயற்கைத் தோட்டம். உரம் கிடையாது, மருந்து கிடையாது, கரண்ட்டும் இலவசம். அப்புறம் என்ன எரிசக்திச் செலவு?" என்று கொய்யா, மா வைத்திருக்கும் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பாதி சரிதான். யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு ஏராளமாகச் செலவாகிறது. யூரியாவை நாம் விட்டதால் அது மிச்சம். மீதிப் பாதியைப் பார்ப்போம்.

முதலில் எரு. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஒரு டன் தொழு எருவில் சுமார் 5 கிலோதான். ஆக, ஒரு மூட்டைக்கு ஈடாக நாலு டன் எரு வேண்டும். நம்ம மாட்டுச் சாணி என்றால் கவலையில்லை. வெளியூரில் விலைக்கு வாங்கி டிராக்டரில் இறக்கினால், வண்டி வாடகையையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அதற்குப் பதிலாக மரங்களுக்கு நடுவில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். தழைச்சத்து அங்கேயே கிடைக்கும்.

பெரிய செலவு தண்ணீர் இறைப்பதுதான். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அதை வைத்து வீட்டில் 60 வாட் ஃபேனை இரண்டு நாளுக்கு மேல் விடாமல் ஓட்டலாம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் கிணறு வற்றுவதும், காயில் கருகுவதும் இலவசம் இல்லையே! மின் இணைப்பு கிடைக்காமல் டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மணிக்குச் சுமார் ஒரு லிட்டர். குழுவில் வாங்கிய கடன் டீசலாகவே எரிந்துபோகிறது.

அதனால் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கணும். மரத்தடியில் காய்ந்த இலை, வைக்கோல் போட்டு மூடாக்கு செய்தால் ஈரம் சீக்கிரம் காயாது. மூடாக்கு மரத்தின் தண்டைத் தொடாமல் இருக்கட்டும், கரையான் ஏறும். ஃபுட் வால்வு ஒழுகினால் உடனே மாற்றுங்கள். குழாயில் செங்குத்தாகத் திரும்பும் எல்போவுக்குப் பதில் வளைந்த பெண்டு போடுங்கள், தண்ணீர் தடங்கல் இல்லாமல் வரும்.

சொட்டுநீர் போட்டால் இன்னும் நல்லது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்றிதழுடன் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். நிலம் கணவர் பெயரில் இருந்தாலும் நீங்களும் கூடப் போங்கள். ஒன்று கவனம்: ஜீவாமிர்தத்தைத் துணியில் நன்றாக வடிகட்டாமல் சொட்டுக்குழாயில் விட்டால் துளை அடைத்துவிடும்.

இந்த மாதம் தினமும் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மணிக்கு ஒரு கோடு போட்டால் போதும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.