மலைப்பாதையில் தீ: விடுமுறைப் பயணத்துக்கு முன் ஒரு பாடம்



திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய நமக்கு ஊருக்குப் போகும் வழிகள் சிலதான். நாகர்கோவில் வழி ஒன்று. தென்காசிப் பக்கத்தாருக்கு ஆரியங்காவுக் கணவாய். தேனி, கம்பம் பக்கத்தாருக்குக் குமுளியோ போடிமெட்டோ. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிவதும், பங்குனி உத்திரத்துக்கு நம் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போவதும் ஒரே பருவத்தில் வருகின்றன. மலை காய்ந்து கிடப்பதும் அதே பருவத்தில்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட்டால் புல் பழுத்து, பிப்ரவரியில் வைக்கோலாகிவிடும். நல்ல கோடை மழை விழும்வரை காட்டுக்கு ஆபத்துக் காலம். நாம் பயணம் போகும் காலமும் அதுவே என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காட்டைப் பற்றிப் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு முறை காட்டுக்குத் தீ வைத்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1992-ஆம் ஆண்டு பங்குனி. அம்மாவால் ரயிலில் ஏறி இறங்க முடியாது என்று ஒரு வாடகை அம்பாசிடரில் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசல் அருகே, புளியரைக்கு இறங்கும் வளைவுகளுக்கு முன்பாக வண்டியை ஓரங்கட்டினோம். சின்னவளுக்குப் பால் காய்ச்ச வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சாலையோரம் புல்லிலேயே வைத்துப் பற்ற வைத்தேன். அது கணவாய், காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு வீச்சில் சுவாலை சாய்ந்து புல்லைப் பிடித்தது. நான் தண்ணீர்க் கூஜாவைத் தேடி எடுப்பதற்குள் தீ சரிவில் என் தலை உயரத்துக்கு மேலே போய்விட்டது.

அப்போது நான் செய்ததுதான் பெரிய தவறு. "மேலே ஓடி முன்னாலே போய் மறிடா!" என்று என் தம்பியிடம் கத்தினேன். அவனும் தீக்கு மேற்புறமாக ஏறத் தொடங்கினான். விறகுக் கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏறாதீங்க தம்பி! கீழே வாங்க!" என்று அதட்டி அவனை இறக்கினார். பச்சைக் கொப்புகளை ஒடித்து எங்கள் கையில் கொடுத்து, தீ தொடங்கிய இடத்திலிருந்து இரு பக்கமாக அடித்துக்கொண்டே வரச் சொன்னார். மேலே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. தீ அதில் முட்டி நின்றது. எங்கள் நல்ல காலம்.

எல்லாம் அடங்கியபின் அவர் என்னிடம், "ஐயா, சாமி கும்பிடப் போற வழியிலே சாமி இருக்கிற காட்டுக்கே தீ வைக்கலாமாய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

ரயிலும் தீயும்

தம்பியை ஏன் அவர் தடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ரயில்வேக்காரன் மனத்தில் ஏற்றம் என்றால் வேகம் குறையும். 100 அடிக்கு ஓர் அடி உயர்ந்தாலே எங்களுக்கு அது கவனிக்க வேண்டிய ஏற்றம். தீக்குக் கணக்கு நேர்மாறு. ஏற்றத்தில்தான் அது விரையும்.

காரணம் எளிது. சூடான காற்று மேலே எழும். சரிவில் மேலே இருக்கும் புல், சாய்ந்த சுவாலைக்கு நெருங்கி இருக்கிறது. தீ வந்து தொடுமுன்பே அது சூடேறி உலர்ந்து தயாராகிவிடுகிறது. போதாக்குறைக்குப் பகல் வெயிலில் மலைக்காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கியே வீசும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கையாளும் பொதுக் கணக்கு. 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. 30 டிகிரிக்கு எட்டு மடங்கு. ஏறும் மனிதனுக்கோ ஒவ்வோர் அடியிலும் வேகம் குறைகிறது. இந்தப் பந்தயத்தில் யார் வெல்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குரங்கணி

மூணாறுக்குச் சென்றவர்கள் டாப் ஸ்டேஷனில் நின்று கிழக்கே கீழே பார்த்திருப்பீர்கள். 1924 வெள்ளத்தில் அழிந்த பழைய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் மூணாறிலிருந்து அங்கே வந்துதான் முடிந்தது. அதனால்தான் மலையுச்சிக்கு ஸ்டேஷன் என்ற பெயர். அதன் கீழே தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடியில் இருப்பது குரங்கணி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வார விடுமுறைக்கு வந்து கொழுக்குமலைக்கு ஏறியிருந்த இரு குழுவினர், குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல் மூடிய சரிவு. உள்ளூர் மக்கள் மேலேறிச் சென்று காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. மலையிலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளைஞர்கள், நம் பிள்ளைகள் வயதினர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது சரிவில் ஏறிக்கொண்டிருந்த என் தம்பியின் முதுகு. அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகளை வகுத்தது.

தீ எப்படி உண்டாகிறது?

மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். நம் நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர் கையால் உண்டாவதே. பீடித் துண்டு, அணைக்காத அடுப்பு, மேய்ச்சலுக்கென்று கொளுத்தும் புல், என்னைப் போன்றவர்களின் ஸ்டவ்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மீட்டர்கேஜ் பாதைகளில் நீராவி எஞ்சின்கள் ஓடின. எஞ்சின் பொறி பறக்கவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கோடைக்கு முன்பே கேங்மேன்கள் பாதையோரப் புல்லை வெட்டி அகற்றுவார்கள். வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடும் இதே தத்துவம்தான். எரிய எதுவும் இல்லாவிட்டால் தீ நின்றுவிடும். 1992-இல் அந்த மொட்டைப் பாறை செய்த வேலையும் அதுவே.

பயணத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பிப்ரவரி முதல் மே வரை மலைப்பாதையில் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். பால், காப்பி எல்லாம் பிளாஸ்கில் போகட்டும். கற்பூரமும் விளக்கும் கோயிலுக்குள் மட்டும்.

2. காரைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தாதீர்கள். இன்றைய கார்களின் புகைக்குழாய்ப் பகுதி புல்லைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடாகும். மண்தரையோ தார்த்தரையோ பார்த்து நிறுத்துங்கள்.

3. எதிரே மலையில் புகை தெரிந்தால் படம் பிடிக்க இறங்க வேண்டாம். திரும்பிப் போக வழி இருந்தால் திரும்புங்கள். சோதனைச் சாவடியிலோ 112, 101 எண்களிலோ தெரிவியுங்கள்.

4. புகைக்குள் ஓட்ட நேர்ந்தால் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏ.சி.யைத் திருப்பி, விளக்குகளைத் தாழ்வாக எரியவிட்டு மெதுவாகச் செல்லுங்கள். நடுச்சாலையில் நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் வண்டியில் இருந்தால் அன்றைய பயணத்தையே தள்ளிப் போடுவது நல்லது. நனைந்த துணி நுண்ணிய புகைத்துகளைத் தடுக்காது.

5. காரைத் தீ சூழ்ந்துவிட்டால் இறங்கி ஓடாதீர்கள். புல்லும் மரமும் இல்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடி மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். புல்தீ விரைவில் கடந்துவிடும். அதன் பிறகு இறங்கலாம்.

6. நடந்து போகையில் தீயைக் கண்டால் மேலே ஏற வேண்டாம். பக்கவாட்டில் விலகி, பாறையோ ஓடையோ சாலையோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ தேடுங்கள். எரிந்த இடம் மறுபடி எரியாது. மலைக்குப் பருத்தி உடையே நல்லது. நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

புகைக்கு மாநில எல்லையோ நாட்டு எல்லையோ கிடையாது. 1997-இல் இந்தோனேசியக் காடுகள் எரிந்த புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அங்குள்ள நம் உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆரியங்காவில் எழும் புகைக்கும் மலையாளம் தமிழ் என்ற வேற்றுமை தெரியாது.

இப்போதும் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு அதே வழியாகத்தான் போகிறோம். அந்த மொட்டைப் பாறை அருகே வண்டி வரும்போது பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். "தாத்தா, தீ வந்தால் எந்தப் பக்கம் போகக்கூடாது?" என்று சின்னவன் என்னையே கேட்டுவிட்டு, "மேலே!" என்று அவனே பதிலும் சொல்லிவிடுவான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு பதில் தெரிந்திருக்கட்டும். அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும் முன் சொல்லிக் கொடுங்கள்.