மவுஸ் பிடிக்க முடியலையா? கணக்கு நிற்காது!



மணிக்கட்டு வலி, கை நடுக்கம் இருந்தால் மவுஸ் பிடிப்பது சிரமம்தான். அதுக்காக வள்ளூரில் எந்த உறுப்பினரும் "எனக்கு கம்ப்யூட்டர் வராதுக்கா"ன்னு ஒதுங்க வேண்டாம். எண் விசைகளே மவுஸ் வேலை செய்யும்!

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. கேள்வி வந்தால் 'எஸ்' கொடுங்க. விசைப்பலகையின் வலது ஓரத்து எண்களில் 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது என அம்புக்குறி நகரும். 5 ஒரு கிளிக். கூட்டல் குறி இரண்டு கிளிக். நகரலேன்னா நம் லாக்கை ஒருமுறை தட்டுங்க.

தொகையை மேல்வரிசை எண்களில் அடிங்க.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்க. கைவலியால் கணக்குப் பொறுப்பு கைமாற வேண்டாம்!