வைட்டமின் டி-யும் நாள்பட்ட தோல்நோயும்

பெங்களூரு

அன்புள்ள கவின்,

வைட்டமின் டி பிறக்கும் இடமே தோல்தான். தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப்பொருள், வெயிலின் புற ஊதா-பி கதிர் பட்டதும் டி3 ஆக மாறுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பிறகு அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. தோல் செல்களோ இந்த மூன்று வேலைகளையும் தாங்களே செய்துகொள்ள வல்லவை. செல் எவ்வளவு வேகமாகப் பெருகுவது, எப்போது முதிர்வது என்பதில் இந்த வைட்டமினுக்குக் கை உண்டு.

அந்தக் கட்டுப்பாடு குலைவது கண்ணுக்கே தெரியும் நோய் சோரியாசிஸ். நலமான தோலின் அடியில் பிறந்த செல் மேலே ஏறி உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் சில நாட்களே. முதிராத செல்கள் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிநிறச் செதிலாகப் படிகின்றன. எலும்பு வலுவிழப்புக்காக வைட்டமின் டி வகை மருந்து உட்கொண்ட ஒருவருக்குச் சோரியாசிஸும் குணமானதை, 1985-இல் ஜப்பானின் ஒசாகாவில் மோரிமோட்டோ, குமஹாரா என்ற மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். யாரும் எதிர்பாராத பலன் அது. இன்று பரவலாகத் தரப்படும் கால்சிபோட்ரியால் களிம்பும் வைட்டமின் டி-யின் செயற்கை வடிவமே. செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பை அதே இடத்தில் சேர்த்துப் பூசினால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். வீட்டில் இரண்டு டியூபும் அருகருகே இருப்பது சகஜம் என்பதால், இதை மறக்கக் கூடாது.

மற்ற நோய்களில் சான்று இவ்வளவு உறுதியாக இல்லை. கரப்பான், வெண்புள்ளி உள்ள பலரின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பது உண்மை. அதற்காகக் குறைபாடுதான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. படை வெளியே தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டு வெயிலுக்கே வராதவருக்கும் வைட்டமின் டி குறையத்தான் செய்யும். குளிர்காலத்தில் கரப்பான் முற்றும் மங்கோலியக் குழந்தைகளுக்குத் தினமும் 1000 யூனிட் வைட்டமின் டி கொடுத்த ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. கடுங்குளிர் நாட்டில் கிடைத்த அந்த முடிவை நம் ஊருக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

பெங்களூரு 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை. அருகிலுள்ள திருப்பதியில் நடந்த ஆய்வு, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் வைட்டமின் டி அதிகம் உருவாகும் நேரம் என்று காட்டியது. அந்த நேரத்தில் வைட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஆயிரக்கணக்கானோர் கண்ணாடிச் சுவருக்குள் இருக்கிறார்கள். கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், புற ஊதா-பி வராது. மாநிறத் தோலுக்கும் கருத்த தோலுக்கும் கூடுதல் நேரம் வெயில் தேவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை நாளொன்றுக்கு 600 யூனிட். கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடியும் மாத்திரையும், பரிசோதனையில் குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுப்பவை. தோல் சரியாகும் என்று நம்பி மாதக்கணக்கில் தாமாகவே விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். லூபஸ் நோயாளிகளுக்கு வெயில் பட்டாலே தோல் மோசமாகும் என்பதால், அவர்களுக்கு வைட்டமின் டி-யை மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையாகத் தருவதே பாதுகாப்பு.

அன்புடன்,
மாமா